பங்கிட்டால் குறையும் பாரம்

கடல் கடந்த பயணம் நம்மவர்க்குப் புதிதன்று. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலும், வ.களத்தூரிலும், அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வெளிநாடு சென்று உழைத்தவர் ஒருவரேனும் இல்லாத முஸ்லிம் வீட்டைக் காண்பது அரிது. ஒரு காலத்தில் மலாயாவும் சிங்கப்பூரும். பின்னர்த் துபாய், சவூதி, குவைத். 'சபர்' என்னும் ஒரு சொல்லுக்குள் நம் ஊர்களின் பாதிச் செல்வமும் நம் பெண்களின் முழுப் பொறுமையும் அடங்கிக் கிடக்கின்றன.

ஆயினும் சபராளி எவ்வளவு வறியவனாய்ப் புறப்பட்டாலும் அவனிடம் மூன்று உடைமைகள் உண்டு. கையில் கடவுச்சீட்டு, நெஞ்சில் திரும்பி வரும் எண்ணம், திரும்பினால் நுழைவதற்கு ஒரு வாசல். இம்மூன்றும் பறிக்கப்பட்ட நிலையில் கடலில் இறங்குகிறவனுக்குத் தமிழ் வேறொரு பெயர் வைத்திருக்கிறது. அகதி, அதாவது கதியற்றவன். அவனுக்குக் கதி எங்கிருந்து வரும்? இரக்கமுள்ள ஓர் ஊரிலிருந்து வரும் என்று சொல்லிவிடலாம். ஓர் ஊரின் இரக்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும், எத்தனை பேரைத் தாங்கும் என்பதே என்னைப் பல ஆண்டுகளாக அலைக்கழித்து வரும் கேள்வி.

இக்கேள்வியை என்னுள் முதன்முதலாக விதைத்தவர் என் தாய்மாமா. அவர் மலேசியாவின் கிழக்குக் கரையில், குவாலா திரெங்கானு நகரில், மளிகைக் கடையொன்றில் பல்லாண்டு பணிபுரிந்தவர். விடுமுறையில் ஊர் வந்தால் சைத்தூண் கைலியும் கோடாலித் தைலமும் கொணர்வதுபோல் கதைகளும் கொணர்வார். 1979-ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த கதை பிடோங் தீவைப் பற்றியது.

அக்கதையைச் சொல்லுமுன் அதன் பின்னணியைச் சிறிது நினைவூட்டல் வேண்டும். 1975 ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் நகரம் வடவியட்நாம் படையிடம் வீழ்ந்தது. சைகோன் நமக்கு அயலூர் அன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும், தஞ்சைத் தரணியின் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் வணிகத்துக்கும் அலுவலுக்கும் அங்குச் சென்றவர் பலர். 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே, டோங் து வீதியில், இன்றும் நிற்கிறது. 1975-க்குப் பின்னர் அங்கிருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் வெளியேறினர். பிரெஞ்சுக் குடியுரிமை உடையோர் பிரான்சு சென்றனர். மற்றவர் தாயகம் மீண்டனர். பல்லாண்டு ஈட்டியது போயிற்று. எனினும் செல்வதற்கு அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. வியட்நாமியருக்கோ விட்டு ஓடும் நாடுதான் ஒரே நாடு. பழைய அரசில் பணி செய்தவர், வணிகம் பறிக்கப்பட்டவர், சீன வம்சாவளியினர் எனப் பலரும் மீன்பிடிப் படகுகளில் ஏறித் தென்சீனக் கடலில் இறங்கினர். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் கடல்வழியே அண்டை நாடுகளின் கரை சேர்ந்தனர். புயலுக்கும் கடற்கொள்ளையருக்கும் தாகத்துக்கும் இரையானவர்களின் கணக்கை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அவர்கள் வந்து சேர்ந்த கரைகளுள் ஒன்றே பிடோங். திரெங்கானுக் கரைக்கு அப்பால், சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு அது. 1978 ஆகஸ்டில் அகதிகள் தங்குவதற்கென அது திறக்கப்பட்டது. சில ஆயிரம் பேருக்கென ஒதுக்கப்பட்ட அவ்விடத்தில் 1979 நடுவில் 40,000 பேர் நெருக்கியடித்துக் கொண்டிருந்தனர். உடைந்த படகுகளின் பலகையையும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டு அடுக்கடுக்காகக் குடிசைகள் கட்டிக்கொண்டனர். குடிநீரைக்கூடக் கரையிலிருந்து தோணிகளில் கொண்டுபோக வேண்டியிருந்தது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமும் உணவு வழங்கின.

"மருமகனே, ஒரு நாள் போல ஒரு நாள் மூட்டைகளைப் படகில் ஏற்றினோம். அரிசி, டப்பா மீன், பருப்பு, உப்பு. ஏற்ற ஏற்றத் தீரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பாவம் என்றவர்களும் உண்டு. இவர்களால் கடைவீதியில் விலை ஏறிப்போயிற்று என்று வைதவர்களும் உண்டு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை" என்றார் மாமா.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்ற அச்சொல்லை நான் மறக்கவில்லை. புகலிடம் தருகிறவனின் நெஞ்சில் இரக்கமும் அச்சமும் ஒரே நேரத்தில் குடியிருக்கும். அச்சத்தை இகழ்ந்து பேசுவதால் அது நீங்கிவிடாது. சுமை தன் தலையில் மட்டுமே விழப்போகிறது என்ற நிலை மாறினால்தான் நீங்கும்.

1979 சூன் மாதத்தில் அந்த அச்சம் உச்சத்தைத் தொட்டது. அந்த ஒரே மாதத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர் படகுகளில் வந்திறங்கினர். மேலைநாடுகள் அழைத்துச் செல்லும் ஒவ்வொருவருக்கும் ஈடாக மூவர் புதிதாய் வந்து சேர்ந்தனர். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் தம் தாங்கும் எல்லை கடந்துவிட்டது, இனி எவரையும் ஏற்க மாட்டோம் என்று கூட்டாக அறிவித்தன. கரை நெருங்கிய படகுகளை மீண்டும் ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்ட கொடுமையும் நடந்தது.

அந்நிலையில்தான் 1979 சூலை 20, 21 ஆகிய நாள்களில், ஐ.நா. பொதுச்செயலாளர் கூட்டிய மாநாட்டில் 65 அரசுகள் ஜெனீவாவில் ஒன்றுகூடின. அங்கே பிறந்த உடன்பாட்டின் உட்பொருள் நம் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் விளங்கக்கூடியது. கரையோர நாடுகள் சொல்லின: 'முதற்புகலிடம் நாங்கள் தருகிறோம், ஆனால் எங்களிடமே விட்டுவிடாதீர்கள்.' தொலைநாடுகள் சொல்லின: 'நீங்கள் கதவைச் சாத்தாதிருங்கள், நாங்கள் அழைத்துச் செல்கிறோம்.' மறுகுடியேற்ற இடங்களின் எண்ணிக்கை 1,25,000-இலிருந்து 2,60,000 ஆக உயர்ந்தது. 16 கோடி டாலருக்கும் மேற்பட்ட உதவி, பணமாகவும் பொருளாகவும் உறுதியளிக்கப்பட்டது. வியட்நாமோ, சட்டத்துக்குப் புறம்பான வெளியேற்றத்தைத் தடுப்பதாகவும், செல்ல விரும்புவோரை முறைப்படி விமானத்தில் அனுப்பி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டது. இந்த ஒழுங்குமுறை வெளியேற்றத் திட்டத்தின்கீழ்ப் பிற்காலத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலின் வாயில் விழாமல் நாடு கடந்தனர். 1984-ஆம் ஆண்டில் படகேறி வந்தவரைவிட இத்திட்டத்தில் விமானமேறிச் சென்றவரே மிகுதி.

நடுக்கடலில் தத்தளிக்கும் படகைக் கண்டும் காணாததுபோல் சில கப்பல்கள் விலகிச் சென்றன. மாலுமியின் நெஞ்சு கல் என்பதால் மட்டும் அன்று. ஏற்றிக்கொண்டால் எந்தத் துறைமுகமும் இறக்க விடாது. கப்பல் நாள்கணக்கில் முடங்கும். உரிமையாளர் நட்டம் பேசுவார். இதற்கும் ஒரு வழி கண்டனர். மீட்ட கப்பல் எந்நாட்டுக் கொடியுடையதோ அந்நாடு அம்மக்களை ஏற்கும். அந்நாட்டால் இயலாதெனில் வேறு சில நாடுகள் கூட்டாகப் பொறுப்பேற்கும். சிங்கப்பூர், 90 நாள்களுக்குள் அழைத்துச் செல்வதாக வேறொரு நாடு உறுதி கூறினால்தான் இறங்க இசைந்தது. அறிவுரையால் திறவாத மனங்கள் உத்தரவாதத்தால் திறந்தன. நன்மை செய்வதற்கு மனிதரை வற்புறுத்துவதைவிட, நன்மை செய்தவன் நட்டப்படாமல் பார்த்துக்கொள்வது பயனுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1979 சூலை முதல் மூன்று ஆண்டுகளில், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரான்சு, கனடா முதலிய இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் வெளியேறிய 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் குடியமர்த்தின. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்துக்கு 1981-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் ஈர்த்த பகுதி கனடா நாட்டைப் பற்றியது. 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நாடு 60,000 பேரை ஏற்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அழைத்தவர்கள் பொதுமக்கள். ஐவர் கூடினால் ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம். ஓராண்டு காலம் வீட்டு வாடகை, உணவு, குளிருக்கு உடை, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று சட்டம் வழி வகுத்திருந்தது. தேவாலயச் சபையினரும், அண்டை வீட்டாரும், அலுவலக நண்பர்களும் குழுக்குழுவாய் முன்வந்தனர். 1986-இல் அகதிகள் பணிக்கான நான்சென் விருது கனடா நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவில் வழங்கப்பட்டது.

இதைப் படித்தபோது நம் பிள்ளைகளும் அறிந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் அன்சாரிகளோடு ஒருவருக்கொருவர் சகோதரராய் இணைத்து வைத்தார்கள். வந்தவர்களை ஊர்ப்புறத்தில் ஓரிடத்தில் குவித்து வைத்து, ஊரார் கொடுப்பதைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. ஒரு வீட்டாருக்கு ஒருவர். பெயர் தெரிந்த ஒருவர். பாரம் ஊர் முழுதும் பரவியதால் எவர் தோளும் முறியவில்லை. வந்தவரும் விரைவிலேயே கடைவீதியில் தம் கையால் உழைத்து உண்ணலாயினர். தயை ஆற்று வெள்ளம் போன்றது. கால்வாய் வெட்டினால் வயல் விளையும்; வெட்டாவிடில் ஒரே இடத்தில் தேங்கிக் கரையை உடைக்கும்.

வியட்நாம் ஏற்பாட்டில் குறையே இல்லையோ எனின், உண்டு. போரில் தோற்ற அமெரிக்காவுக்குத் தன் பழைய நண்பர்களைக் காக்கும் கடனும், பொதுவுடைமை ஆட்சியைப் பழிக்கும் ஆவலும் இருந்தன. அவ்வரசியல் இல்லையேல் அத்தனை கதவுகள் திறந்திரா. ஆண்டுகள் செல்லச்செல்ல மேலைநாடுகள் களைத்தன. 1989 சூனில் மீண்டும் ஜெனீவாவில் கூடிப் புதுத்திட்டம் வகுத்தனர். அதன்பின் வந்தவர் ஒவ்வொருவரும் தாம் மெய்யான அகதியே என்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. மெய்ப்பிக்க இயலாத ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வியட்நாமுக்குத் திரும்பினர். விரும்பாமல் திரும்பியவரும் அவர்களுள் உண்டு. 1996-இல் அத்திட்டம் முடிவுற்றது.

இவ்வளவு குறைகளுக்கு இடையிலும் ஒன்று நிகழ்ந்தது. பிடோங் தீவின் முகாம் 1991 அக்டோபரில் மூடப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அதன் வழியே கடந்து சென்றனர். பதின்மூன்றே ஆண்டுகளில் அதன் கணக்கு முடிந்தது. ஒரு முகாமுக்கு நாம் வேண்டக்கூடிய பெரும்பேறு அது மூடப்படுவதுதான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

அரியலூர் என்றதும் பெரியவர்களுக்கு நினைவில் எழுவது 1956 நவம்பர் 23. மருதையாற்று வெள்ளத்தில் பாலம் நிலைகுலைய, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, தாம் நேரில் செய்யாத தவற்றுக்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அரியலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தின் எடுத்துக்காட்டாக இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம்.

அதே சாஸ்திரி, பிரதமரான பின், 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். குடியுரிமையற்று நின்ற மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பத்தாண்டு கழித்து, 1974-இல், அந்த எச்சத்தையும் பாதிக்குப் பாதி பங்கிட்டனர். இதுவும் நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பே. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த அம்மக்களின் விருப்பத்தை எவரும் முதலில் கேட்கவில்லை. எண் பங்கிடப்பட்டது, அந்த எண்ணுக்குள் இருந்த தாயும் மகனும் சில வேளை இரு நாட்டுப் பட்டியல்களில் பிரிந்து நின்றனர். திரும்பி வந்தோருக்கென நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. 1969-இல் ரெப்கோ வங்கி தோன்றியது. உதவி கிடைத்தது, ஆனால் அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவின் வடு மறையவில்லை.

ஆகவே ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடுவதற்கில்லை. பாரத்தைப் பங்கிடுவது வேறு. மனிதரைப் பங்கிடுவது வேறு. எங்கே செல்ல விரும்புகிறாய் என்ற கேள்வி முதலில் எழுகிறதா என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல்.

பெரம்பலூர் நகரை ஒட்டித் துறைமங்கலத்தில் ஒரு முகாம் இருக்கிறது. பெயரில் துறை இருந்தாலும் கடல் அங்கிருந்து வெகு தொலைவு. அங்கு வாழ்பவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னர் அலையலையாக இராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, தமிழகமெங்கும் அனுப்பப்பட்ட இலங்கைத் தமிழர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பலர் திரும்பிச் சென்றனர். சிலர் மேலைநாடுகளை அடைந்தனர். 2021-ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோரும், முகாம்களுக்கு வெளியே 34,000 பேரும் எஞ்சியிருந்தனர். துறைமங்கலம் அம்முகாம்களுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் அரியலூரில் என் வீட்டுக்கு வண்ணம் பூச வந்தவர் அம்முகாமைச் சேர்ந்தவர். முகாம் ஆடவர் பலருக்கு வண்ணம் பூசுதலே பிழைப்பு. கைத்திறன் மிக்கவர், சொன்ன நேரத்தில் வருவார். ஒரு மாலை, வேலை முடிந்து தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வரேலாது, ஐயா. முகாமில கணக்கெடுக்க வருவினம். ஆள் நேரில நிக்க வேணும்."

"வேலைக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னால் போதாதா, தம்பி?" என்றேன்.

"போதாது, ஐயா. நிக்காட்டி அந்த மாசக் காசு நிண்டுபோகும். காசு போனாப் பரவாயில்லை. பேர் போயிடக் கூடாது."

காசு போனாலும் போகட்டும், பெயர் போகக் கூடாது! ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக இருப்பதே தன் இருப்பின் ஒரே சான்று என்றால், மனிதன் அவ்வரியை எவ்வளவு பற்றிக்கொள்வான் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் மகள் பெரம்பலூரில் பிறந்தவள். நம் பிள்ளைகளோடு அமர்ந்து படித்தவள். அவளுடன் படித்த நம் ஊர்ப் பையன் பதினெட்டு நிறைந்ததும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தான். சில மாதங்களில் வளைகுடாவுக்குப் பறந்தான். அவளுக்கு அது இயலாது. 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையருள் ஒருவராவது இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் முதல் அவ்விதி மேலும் இறுகியது. ஆகவே காவிரி மாவட்டங்களின் அரிசியை உண்டு, நம் பள்ளிகளில் திருக்குறள் ஒப்பித்து வளர்ந்த பிள்ளை, தான் கண்ணாலும் காணாத நாட்டின் ஆளாகவே கணக்கிடப்படுகிறாள்.

தமிழகம் இம்மக்களைக் கைவிட்டது என்று கூறுதல் நன்றிகேடாகும். உதவித்தொகையும் அரிசியும் பள்ளிக்கல்வியும் தந்தது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 புது வீடுகள் கட்ட முனைந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், ஏனைய பெரியவருக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என உதவியை உயர்த்தியது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. ஈழத்து ஏதிலியர் தாமே கூடி 1984-இல் தொடங்கிய மறுவாழ்வுக் கழகம், தந்தை செல்வாவின் மகனார் சந்திரகாசன் தலைமையில், முகாம் பிள்ளைகளைக் கல்லூரி வாயில்வரை கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய பயண ஆவணமின்றி வந்த குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. இவையெல்லாம் முகாமுக்குள் வாழ்வைச் செம்மை செய்பவை. முகாமிலிருந்து வெளியேறும் வாயில் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

இவர்களுக்கென ஒரு ஜெனீவா ஏன் கூடவில்லை? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை என்பது வழக்கமான விடை. மலேசியாவும் இந்தோனேசியாவும் தாய்லாந்தும்கூட அதில் கையொப்பமிடவில்லை. ஆயினும் வியட்நாமியருக்கான ஏற்பாடு அந்நாடுகளின் கரையிலேதான் நடந்தது. மெய்யான காரணங்கள் வேறு. இலங்கைச் சிக்கலைத் தனக்கும் தன் அண்டை நாட்டுக்கும் இடைப்பட்டதாகவே இந்தியா கருதியது. பிறர் தலையீட்டை விரும்பவில்லை. உலக வல்லரசுகளுக்கோ வியட்நாமில் இருந்த அரசியல் ஆதாயம் இங்கில்லை. தமிழன் தமிழகத்தில்தானே இருக்கிறான், மொழி ஒன்று, உணவு ஒன்று, குறை என்ன என்று உலகம் ஆறுதல் கொண்டது. ஐ.நா. அகதிகள் அலுவலகம் 1992 முதல் சென்னையில் செய்த பணியும், திரும்பிச் செல்வோர் தம் விருப்பத்துடன்தான் செல்கின்றனரா என்று கேட்டறிவதை ஒட்டியே அமைந்தது.

அதன் விளைவாக மேலைநாடு செல்ல எண்ணிய ஈழத்தமிழர் முறையான வழியின்றி முகவர்களிடம் பொருளிழந்து, படகிலும் கப்பலிலும் உயிரைப் பணயம் வைத்தனர். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர் மீட்டனர். அந்நாடு அவர்களை வாழவைத்தது. 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் அதே நாட்டின் மேற்குக் கரையை அடைந்தபோது காவல் முகாம்களே அவர்களை எதிர்கொண்டன. ஒழுங்கான வாயில் இல்லாதபோது, வருகிறவன் விருந்தாளியாவதும் கைதியாவதும் அந்தந்த ஆண்டின் மனநிலையைப் பொறுத்ததாகி விடுகிறது.

நம் சமுதாயத்தார் மறக்கவொண்ணாத இன்னொரு கூட்டமும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களைச் சில மணி, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினர். 70,000-க்கும் மேற்பட்ட தமிழ் பேசும் அம்மக்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். எல்லை தாண்டவில்லை என்பதால் அகதி என்னும் பெயர்கூட அவர்களுக்கு முறையாகக் கிட்டவில்லை. வறிய புத்தளத்து மக்கள் தாமே அந்தப் பாரத்தைச் சுமந்தனர். ஆண்டுகள் நீண்டபோது, வரவேற்றவருக்கும் வந்தவருக்கும் இடையே நிலத்துக்கும் நீருக்கும் வேலைக்கும் பூசல் முளைத்தது. பங்கிடப்படாத பாரம் நல்லவரையும் கசக்கச் செய்யும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

இன்று துறைமங்கலம் போன்ற ஊர்களுக்குத் தேவையானது என்ன? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, மூன்று வாயில்களை ஒரே நேரத்தில் திறப்பதே. திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு இலங்கையில் நிலமும் வீடும் பாதுகாப்பும் உறுதியாக வேண்டும். அதற்கு இரு அரசுகளும் ஐ.நா.வும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். இங்கேயே வாழ விரும்புவோருக்கு, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலிடம் தந்து, இந்தியக் குடியுரிமை வழங்க வேண்டும். 1964 ஒப்பந்தம் தீர்க்காமல் விட்ட மலையக வம்சாவளியினரும் இம்முகாம்களில் இருக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. உறவினர் வாழும் அயல்நாடுகளுக்குச் செல்ல விரும்புவோரை, வியட்நாமியரை ஏற்றதுபோல், அந்நாடுகள் முறைப்படி அழைத்துக்கொள்ள வேண்டும். எந்த வாயில் என்பதை அந்தக் குடும்பமே சொல்ல வேண்டும். ஒரு இலட்சத்துக்கும் குறைவான மக்கள்; 1979-இல் உலகம் ஏற்ற எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அன்று.

அரசுகள் அசையும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கனடாவில் ஐவர் கூடி ஒரு குடும்பத்தைத் தாங்கினர். நம் பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் ஐந்து சபராளி வீட்டார் கூடினால் முகாம் பிள்ளை ஒருத்தியின் கல்லூரிச் செலவைத் தாங்க முடியாதா? கட்டணம் மட்டும் போதாது. பட்டம் பெற்றபின் அவளுக்கு வேலை தேடித் தருவதும், ஆவணம் கேட்டு அலைக்கழிக்கும் இடங்களில் உடன் நின்று பேசுவதும் அப்பொறுப்பில் அடங்கும். அவள் எம்மதத்தாள் என்பது இங்கே கேள்வியன்று. அந்நிய மண்ணில் நின்று உழைக்கும் துன்பத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? அறிந்தவரே முந்திக்கொள்ள வேண்டும்.

வண்ணக்காரரின் மகள் இப்போது கணக்கியலில் பட்டம் பெற்றிருக்கிறாள். அவளுக்கு வேலை தந்த கடைக்காரர், அடையாள அட்டை முகாம் அட்டையாய் இருப்பதைப் பார்த்துச் சிறிது தயங்கினாராம். பிறகு, "உங்கள் ஊர் எது, அம்மா?" என்று கேட்டாராம். அவள் சற்றும் யோசியாமல் "பெரம்பலூர்" என்றாளாம். அந்த விடையைச் சட்டமும் ஒப்புக்கொள்ளும் நாளில், துறைமங்கலத்துப் பதிவேட்டில் ஒரு பெயர் குறையும். அப்படி ஒவ்வொன்றாய்க் குறைந்து அந்தப் பதிவேடு முடியட்டும்.